இசைத்தட்டும் இசைத்தவர் உரிமையும்

(வல்லத்திராக்கோட்டையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றி இன்று பேசுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்திருந்தார். இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர்க்கு அக்காதை வகுக்கும் இலக்கணங்களை நம் மரபில் தோன்றிய ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். யாமும் அதற்கே ஆயத்தமாக வந்தோம். ஆயினும், பேருந்தினின்று இறங்கி இக்கூடத்திற்கு நடந்து வரும் வழியில் நிகழ்ந்ததொன்று எம் எண்ணத்தை மாற்றிவிட்டது. அரங்கேற்று காதையை மற்றொரு நாளைக்கு ஒத்திவைக்கத் தலைவர் அவர்களும் இசைந்தார்கள்.

கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடையின் ஒலிபெருக்கியில் நாகசுரம் முழங்கிக்கொண்டிருந்தது. தோடி. அதனை ஊதியவர் இன்னார் என்பதை முதல் பிடியிலேயே அறிந்தோம். அவர் இச்சுற்றுவட்டாரத்துக் கோயில்களில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஊதியவர். 2004-ஆம் ஆண்டில் காலமானார். அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றார். ஆதலின் பெயர் கூறாது மேற்செல்கின்றோம். 1986-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தார் அவரை அழைத்து ஒரு பகற்பொழுது முழுதும் ஊதச் செய்து, எழுநூற்றைம்பது ரூபாய் அளித்து, ஒலிநாடாவாக வெளியிட்டனர். அந்நாடா பின்னர்க் குறுந்தகடாயிற்று. இந்நாளில் செல்பேசியில் ஒலிக்கின்றது. அவ்வம்மையார் கூடத்து வாயிலில் எம்மைக் கண்டு, “வாத்தியாரய்யா, அவுக ஊதினது அவுகளுக்கே சொந்தமில்லையா?” என்று வினவினார்கள். அவ்வினாவிற்கு எம்மால் இயன்ற விடையே இன்றைய பேச்சு.

யாம் வழக்கறிஞர் அல்லேம். ஆயினும் சட்டமும் ஒரு நூலே. சூத்திரமும் உரையும் படித்துப் பழகியவர்க்கு அதன் நடை முற்றிலும் புதிதன்று. சில சூத்திரங்கள் நன்னூலைக் காட்டிலும் எளியவை. சில, உரையாசிரியர் இன்றி விளங்காதவை.

ஒலியைப் பதிக்கும் பொறி நம் நாட்டிற்கு வந்த வரலாற்றை முதலில் கூறுவோம். கிராமபோன் கம்பெனியின் பதிவாளராகிய பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் 1902-ஆம் ஆண்டில் கல்கத்தா நகருக்கு வந்து பாட்டுகளைப் பதிவு செய்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே அப்பொறி தென்னாட்டிற்கும் வந்தது. குரலைத் தட்டில் அடைத்தால் குரல் போய்விடும் என்று அஞ்சிய வித்துவான்களும் இருந்தனர். கண்டவிடத்தெல்லாம் தம் பாட்டு ஒலிப்பதை இழிவென்று எண்ணியவர்களும் இருந்தனர். அக்காலத்தே துணிந்து முன்வந்து பாடியோருட் பலர் நம் மரபில் வந்த மாதரசிகளே. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் குரல்கள் இன்றும் தட்டுகளில் உள்ளன. ஒரு புறத்திற்கு மூன்று நிமிட அளவே உண்டு; அதற்குள் இராகமும் பாட்டும் சுருங்கி நிற்றல் வேண்டும். விரிந்து ஓடும் ஆற்றைச் செம்பில் முகந்தாற்போன்ற அச்செயலை அவர்கள் செம்மையுறச் செய்தனர்.

அத்தட்டுகளுள் ஒன்று சென்ற தொலைவை நம்மவர் அறிதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டு இசைப்புலவர் மொரீஸ் தெலாழ் என்பார் 1912-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டில் அவர் உள்ளம் பறிகொடுத்தார். அத்தட்டைப் பலகாற் கேட்டு, அக்குரலின் நெளிவுகளை மேனாட்டுக் குறியீட்டில் எழுத்தாக்கி, ‘ராகமாலிகா’ என்று பெயரிட்டுப் பாரிஸ் நகரில் வெளியிட்டார். இமதாத் கான் என்னும் வடநாட்டுப் பெருங்கலைஞரின் தட்டையும் அவ்வாறே தம் மற்றொரு பாடலுக்குப் பயன்கொண்டார். தெலாழ் வஞ்சகர் அல்லர். நம் இசையை மெய்யாகவே நேசித்தவர். ஆயினும் அச்சேறிய அந்நூலில் இயற்றியவராக நின்ற பெயர் அவருடையதே. தாயி அம்மையார் 1917-ஆம் ஆண்டில் மறைந்தார். அக்காலச் சட்டத்தின்படி தட்டு, கம்பெனிக்கு உரியது. எழுதப்பட்ட இசை, எழுதியவர்க்கு உரியது. பாடிய மிடற்றுக்கு உரியதாக ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இச்சட்டம் மேனாட்டார் இசைக்கென்று தைக்கப்பட்ட சட்டை. ஆண்டு ஓர் இசைப்புலவர் தம் இசையை முழுதும் தாளில் எழுதிவிடுகின்றார். வாசிப்போர் எழுதியவாறே வாசிக்கின்றனர். ஆகவே எழுதினவரே படைத்தவர் என்பது அவர்களுக்குப் பொருந்தும். 1957-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய பதிப்புரிமைச் சட்டமும் அவ்வழியே சென்றது. அச்சிடப்பட்டதாகவோ, எழுத்தில் வடிக்கப்பட்டதாகவோ, வரைவடிவில் ஆக்கப்பட்டதாகவோ இருந்தாலன்றி ஒன்று இசைப்படைப்பு ஆகாது என்று அச்சட்டம் வரையறுத்தது. நம் இசையிலோ பாட்டு என்பது வித்து. ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் தழைத்தெழும் மரம். அவை எழுதப்படுவன அல்ல; அப்பொழுதே பிறந்து அப்பொழுதே மறைவன. நம் புதுக்கோட்டையின் மாமுண்டியா பிள்ளை அவர்கள் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய கருவியாக உயர்த்தியவர். அவர் வழி வந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவர்களின் லயக் கணக்கைக் கேட்டுப் பெருவித்துவான்களும் வியந்தனர். அக்கணக்குகள் விரலில் இருந்தன, தாளில் இல்லை. தாளில் இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அவை படைப்பே அல்ல! மூன்று மணி நேரம் தோடியை ஆலாபனை செய்த நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்களும் அச்சட்டத்தின் முன் யாதொன்றும் படைத்தவரல்லர்.

இக்குறையை உணர்ந்தார் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். 1977-ஆம் ஆண்டில், திரையிசை உரிமை பற்றிய ஒரு வழக்கின் தீர்ப்பில், நீதிபதி கிருஷ்ணய்யர் அவர்கள் அடிக்குறிப்புப் போலத் தனியே ஒரு கருத்துரைத்தார்கள். பாட்டை அமைத்தவர்க்கு உரிமை உண்டு, பாடுபவர்க்கு இல்லை என்னும் நிலை நம் நாட்டு இசைக்கு ஒவ்வாதது, இதனை நாடாளுமன்றம் கருதுதல் வேண்டும் என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் கருதுதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

1994-ஆம் ஆண்டின் திருத்தத்தில் இரண்டு செய்தனர். எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் கட்டு இசைப்படைப்பின் வரையறையினின்று நீங்கிற்று. பாடுவோர், வாசிப்போர், ஆடுவோர் ஆகியோர்க்கு ‘நிகழ்த்துநர் உரிமை’ என்று தனியுரிமை ஒன்று பிறந்தது. அது 1995 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வுரிமையின் காலம் முதலில் 25 ஆண்டு. 1999-ஆம் ஆண்டின் திருத்தத்தால் 50 ஆண்டு ஆயிற்று. 2012-ஆம் ஆண்டில் மீண்டும் திருத்தி, நிகழ்ச்சியை வணிகத்திற்குப் பயன்படுத்துமிடத்து நிகழ்த்தியவர்க்கு ஆதாயப் பங்கு உண்டு என்றும், நிகழ்த்தியவர் இன்னார் என்று பெயர் குறிக்கப்பெறுதலும் தம் நிகழ்ச்சி சிதைக்கப்படாதிருத்தலும் அவர் உரிமை என்றும் சேர்த்தனர். சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் தலைக்கோற் பட்டமும் கிடைத்தன. பொன்னும் பெயரும் ஒருங்கே தரவேண்டும் என்பதை அவ்வரசன் சட்டத் திருத்தம் இன்றியே அறிந்திருந்தான்!

இனி, ஒரு பாட்டில் எத்தனை பேர்க்கு உரிமை உண்டு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆண்டாள் அருளிய திருப்பாவை எவர்க்கும் உரியது. அதற்கு உரிமை கோருவார் இலர். அம்முப்பது பாட்டிற்கும் இன்று மேடையில் வழங்கும் மெட்டுகளை அமைத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். அவர் 1967-ஆம் ஆண்டில் மறைந்தார். படைத்தவர் மறைந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டு என்பது விதியாதலின், மெட்டின் உரிமை 2027 முடியும் வரை உண்டு. அம்மெட்டில் ஒருவர் பாடித் தட்டு வெளிவந்தால், தட்டின் உரிமை, வெளிவந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டு வரை வெளியிட்டவருடையது. பாடியவர் உரிமை, பாடிய ஆண்டிற்குப் பின் 50 ஆண்டு. சொல்லும் மெட்டும் தட்டும் குரலும் ஆகிய நான்கும் தனித்தனி நிலங்கள். ஒன்றின் பட்டா மற்றொன்றிற்குச் செல்லாது. தியாகராஜர் முதலிய மூவர் கிருதிகள் எவர்க்கும் பொது. பாபநாசம் சிவன் 1973-ஆம் ஆண்டில் மறைந்தமையின் அவர் பாடல்கள் 2033 முடியும் வரை பொதுவல்ல. மேடையேறும் நம் இளைஞர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

தட்டின் உரிமை தனியே பிரிந்து விலைபோகும் என்பதை நம் தமிழ்நாடு கண்ணாரக் கண்ட வழக்கு ஒன்று உண்டு. மகாகவி பாரதியார் 1921-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை, நூலுரிமையினின்று பிரிந்து, ஒரு வணிகரிடம் சென்று, பின்னர்த் திரைப்பட அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் அவர்கள் பாடிய பாரதி பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்க்கவே, உரிமை மீறல் என்று வழக்கு மூண்டது. தேசியகவியின் பாட்டு ஒருவர் பெட்டியில் அடைபடுவதா என்று தமிழ் எழுத்தாளர்கள் கிளர்ந்தனர். முடிவில் 1949-ஆம் ஆண்டில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அவர்களின் ஆட்சியில் சென்னை அரசாங்கம் அவ்வுரிமையை ஏற்று நாட்டிற்கு உடைமையாக்க முன்வந்தது; செட்டியார் அவர்களும் பொருள் பெறாமலே தம் பங்கை விட்டுக்கொடுத்தார்.

அது சொல்லின் உரிமை பற்றிய வழக்கு. குரலின் உரிமை பற்றிய வழக்கோ அண்மையிலேதான் எழுந்தது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை முன்னிட்டே எழுந்தது. துருபத் இசையிற் புகழ்பெற்ற இளைய தாகர் சகோதரர்கள் ‘சிவ ஸ்துதி’ என்னும் பாடலை 1978-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் பாடினர். அப்பாடல் பின்னர் ஒலித்தகடாகவும் வெளிவந்தது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தில் ஏ. ஆர். ரகுமான் அவர்கள் அமைத்த ‘வீரா ராஜ வீர’ என்னும் பாட்டு அதனைத் தழுவியது என்று, அவர்கள் குடும்பத்து உஸ்தாத் வாசிபுத்தீன் தாகர் டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி தாகர் பக்கம் இடைக்காலத் தீர்ப்பளித்து, இரண்டு கோடி ரூபாய் நீதிமன்றத்தில் கட்டுமாறும், படத்தில் அச்சகோதரர்கள் பெயரைக் குறிக்குமாறும் பணித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதனை நீக்கிற்று. ஒரு பாட்டைப் பாடினார் என்பதைக் கொண்டு அவரே அதனை இயற்றினார் என்று முடிவு செய்யலாகாது என்பது அவர்கள் கூறிய காரணம்.

இக்காரணத்தைக் குறைகூற எமக்கு மனமில்லை. வழிவழியாய் வந்த இசையில் ஒரு குடும்பம் வேலியிட்டால் பிற மாணாக்கர் கதி என்னாகும் என்னும் அச்சம் எமக்கும் உண்டு. ஆயினும் பாடினவர்க்கும் இயற்றினவர்க்கும் இடையே சட்டம் கிழித்த கோடு 1957-இல் இருந்த இடத்திலேயே இன்றும் கிடக்கின்றது என்பதை நம்மவர் கண்டுகொள்ளுதல் நன்று. இயற்றினேம் என்று காட்ட வேண்டுவோர் எழுதிவைத்தலே வழி.

பழைய தட்டுகள் பொதுவாவதைக் குறித்துச் சிலர் வருந்துவர். யாம் வருந்துவதில்லை. இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் 1956-ஆம் ஆண்டில் மறைந்தமையின் அவர் வாழ்நாளில் வெளிவந்த தட்டுகள் யாவும் காலங்கடந்து பொதுவாயின. இவ்வூர்ச் சிறுவன் ஒருவன் காசின்றி, எவர் அனுமதியுமின்றி அத்தோடியைப் படியெடுத்துப் பயிலலாம். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத் தட்டின் ஆதாயத்தை அவர்கள் திருப்பதி தேவஸ்தானத்து வேதபாடசாலைக்கு ஈந்தார்கள். அத்தட்டின் உரிமையும் 2023 முடிவோடு முற்றுப்பெற்றது. இறந்தவர் தட்டுப் பொதுவாவது நன்றே. உயிரோடிருப்பவர் இசை, கூலியின்றி விற்கப்படுவதே எம் நெஞ்சைச் சுடுவது.

திருமணங்களில் வாசிப்போர் அஞ்ச வேண்டாத செய்தி ஒன்றும் உண்டு. திரைப்பாட்டை வாசித்தமைக்காக, அல்லது ஒலிபெருக்கியில் இட்டமைக்காக, உரிமைக் கட்டணம் கேட்டு மண்டபங்களுக்குச் சிலர் வருவதாகச் சொல்லக் கேட்கின்றோம். சமயச் சடங்கிலும், திருமண ஊர்வலத்திலும், திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் இசை நிகழ்த்துதல் உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகின்றது. 2023 ஜூலையில் மத்திய அரசாங்கமும் இதனைத் தெளிவுபடுத்தி அறிவிக்கை வெளியிட்டது. அவ்வறிவிக்கையின் படி ஒன்று நம் சங்கத்தில் இருக்கின்றது. வேண்டுவோர் பெற்றுக்கொள்க.

ஒப்பந்தம் எழுதுங்காற் கருத வேண்டியவற்றையும் கூறிவிடுகின்றோம். உரிமையை மாற்றித் தருதல் எழுத்தில் இருத்தல் வேண்டும், கையொப்பம் வேண்டும், எந்நிகழ்ச்சி, எவ்வெவ்வுரிமை, எத்தனை ஆண்டு, எந்நாட்டிற்கு, எவ்வளவு பங்கு என்பன குறிக்கப்பெறுதல் வேண்டும். ஆண்டு குறிக்காவிடின் ஐந்தாண்டு என்றும், நாடு குறிக்காவிடின் இந்தியா மட்டும் என்றும் சட்டமே கொள்கின்றது. திருவிழாவில் ஊதும்போது செல்பேசியைத் தூக்கிப் பிடிக்கும் அன்பர் தாம் கேட்டு மகிழவோ மாணாக்கர்க்குக் கற்பிக்கவோ பதிந்துகொள்ளலாம். அதனைக் காசாக்க வேண்டின் உங்கள் இசைவு வேண்டும். 2015-இல் ஒருவர் ஊதிய மல்லாரிக்கு 2065 முடியும் வரை அவருக்கும் அவர் மக்களுக்கும் உரிமை உண்டு. தவில்காரர்க்கும் தாளம் போடும் சிறுவனுக்கும் அவரவர் உரிமை தனித்தனியே உண்டு. நாயனக்காரர் ஒருவரே எல்லார்க்கும் சேர்த்துக் கையொப்பமிடும் வழக்கம் இனி ஒழிதல் நன்று. இதனைச் சொல்வதால் நாயனக்காரர் சிலர் எம்மேல் வருத்தம் கொள்ளலாம்; கொள்க.

இனி அவ்வம்மையாரின் வினாவிற்கு வருவோம். கூட்டம் தொடங்குமுன் அவர்கள் இல்லத்திற்குச் சென்று, தகரப்பெட்டியில் இருந்த தாள்களைச் செயலாளரும் யாமும் பார்த்தோம். 1986-ஆம் ஆண்டின் பற்றுச்சீட்டு ஒன்று இருந்தது; நாகசுரம் வாசித்தமைக்கு எழுநூற்றைம்பது ரூபாய் பெறப்பட்டது என்பதன்றி வேறொன்றும் அதில் இல்லை. நிகழ்த்துநர் உரிமை பிறந்தது 1995-ஆம் ஆண்டில். ஆதலின் அதற்கு முன் ஊதிய தோடிக்கு அம்மையார் அவ்வுரிமை கோர இடமில்லை. நாடாவின் உரிமை நிறுவனத்தாரிடம் 2046 முடியும் வரை இருக்கும். இதனை அவர்களிடம் சொல்ல எமக்கு நா எழவில்லை.

ஆயினும் அப்பெட்டியின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் தம் குலதெய்வத்தின்மேல் அவர் தாமே இயற்றிய கீர்த்தனம் ஒன்றைச் சாகித்தியமும் சுரமும் தாளக் குறியும் இட்டு, நாளும் குறித்து, எழுதிவைத்திருந்தார். அந்நாடாவின் இரண்டாம் புறத்தில் தோடிக்கு அடுத்து ஒலிப்பது அப்பாட்டே. வாசித்தமைக்குக் கூலி வாங்கிய சீட்டு, இயற்றிய உரிமையை விற்ற சீட்டு ஆகாது. அப்பாட்டின் சொல்லும் மெட்டும் அவர் மறைந்த 2004-ஆம் ஆண்டிற்குப் பின் 60 ஆண்டு, அஃதாவது 2064 முடியும் வரை, அவர் குடும்பத்தாருடையவை என்றே எமக்குத் தோன்றுகின்றது. வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு இதனை உறுதி செய்து, நிறுவனத்தார்க்குச் சங்கத்தின் வாயிலாக மடல் விடுப்பதென்று செயலாளர் கூறியிருக்கின்றார். நோட்டுப் புத்தகத்தைப் படியெடுத்தபின் அம்மையாரிடமே திருப்பிக் கொடுத்தோம்.

அவர்கள் அதனை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “இந்தப் பாட்ட அவுக பெருசா நெனைக்கலைங்கய்யா. அந்தத் தோடியத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாக” என்றார்கள்.